சாகிற நரம்பு வேண்டும்

ஹாஜா மொய்தீன் பாய் சாந்தமான முகத்தோடு வந்து பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்ததைப் பார்த்ததும் லாவண்யா பதறி எழுந்தாள்.

வலி இல்லையா பாய் என்று கேட்டாள். அவர் வாயைத் திறக்காமல், மகாராஜா கணக்காக, இல்லை என்று தலையாட்டினார்.

போச்சு.

சனிக்கிழமை இதே மனிதர் கடைவாய்ப் பல்லுக்காகப் போட்ட கூச்சலில் பூந்தமல்லி டிரங்க் ரோடே திரும்பிப் பார்த்திருக்கும். பி.பி. எகிறிக் கிடந்ததால் மாத்திரை கொடுத்துத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பல்லுக்குள்ளிருந்து எடுக்கப்போகும் நரம்பைத் தன் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று அவள் கேட்டதற்கு, சனியன் ஒழிஞ்சா போதும், நீயே வச்சிக்கோ தாயி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

லாவண்யாவுக்குப் பல் மருத்துவ மேற்படிப்பில் இது கடைசி வருடம். புண்பட்டு வீங்கிய பல் நரம்பில் செல்கள் எப்படிச் சாகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சில செல்கள் சத்தமில்லாமல் சுருங்கிச் சாகும். சில உப்பி வெடித்து, அக்கம்பக்கத்தையும் கிளப்பிவிட்டுத்தான் சாகும். அந்த ரகளையை நடக்கும்போதே பிடித்தாக வேண்டும். நரம்பு சாகத் தொடங்கியிருக்க வேண்டும், செத்திருக்கக் கூடாது.

அவளுக்குக் குறைவது ஒரே ஒரு நரம்பு. அது கிடைக்காவிட்டால் இந்த வருடம் பரீட்சை எழுத முடியாது.

இப்படி வலித்த பல் தானாக அடங்கினால், உள்ளே ஆட்டம் முடிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஊரே சந்தோஷப்படும் செய்திக்கு அவளுக்கு அழுகை வந்தது.

"ஆ காட்டுங்க பாய்."

அவர் விரலை உயர்த்தி, பொறு என்று சைகை செய்தார். பக்கத்துத் தொட்டியில் குனிந்து, வாய் நிறைய வைத்திருந்த தண்ணீரைத் துப்பினார். கூடவே இரண்டு ஐஸ் கட்டிகள் விழுந்து உருண்டன.

சென்னீர்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த வழியெல்லாம் ஐஸை மாற்றி மாற்றி அடக்கிக்கொண்டுதான் மனிதர் வலியை மரக்க வைத்திருக்கிறார்!

வாயில் குளிர் விட ஒரு நிமிஷம் ஆனது. பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் அலறியதில் அடுத்த நாற்காலிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

லாவண்யாவுக்குத் தலைகால் புரியவில்லை. மரத்துப்போகும் ஊசியை எடுக்கக்கூட மறந்து, "உயிர் இருக்கு! பாய், உயிர் இருக்கு!" என்று கைதட்டிக் கத்திவிட்டாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த அவர் மனைவி ஜுபைதா, போட்டிருந்த செருப்பு ஒரு பக்கம் பறக்க உள்ளே ஓடிவந்தாள்.

"யா அல்லா! அது எப்பம்மா போச்சு?"