நாலு பூவுக்கு ஒரு கண்ணி

இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஏழு என்றது என் பெட்டி.

1991 ஏப்ரல். சுங்குவார்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணி. காலையில் இதே பெட்டி ஒழுங்காக ஆறு காட்டியது. மூன்று மணிக்குக் கல்லூரிப் பேராசிரியர் வருகிறார். அவர் தலையாட்டினால் நாற்பது பெட்டிக்கு ஆர்டர். இல்லையென்றால் மாதக் கடைசியில் என் பட்டறைக்குப் பூட்டு.

இரண்டு குமிழ்களில் இரண்டு வோல்டேஜ் வைத்தால், பெருக்கிய விடையை மீட்டர் முள் காட்டும். பெருக்குவது நான்கே டிரான்சிஸ்டர்கள். இதே வேலைக்கு வெளிநாட்டு ஐ.சி. சில்லு ஒன்று வாங்கும் காசில் என்னுடையது இருபது செய்யலாம். அந்தத் திமிரில், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நான்கையும் போர்டின் நான்கு மூலைகளில் வைத்திருந்தேன்.

எங்கே தப்பு என்று கணக்குப் போட்டுப் போட்டு ஒரு நோட்டே தீர்ந்துவிட்டது.

சால்டரிங் வேலை செய்யும் பாஞ்சாலி பக்கத்தில் வந்து நின்றாள். என்னைக் கேட்காமலே ஒவ்வொரு டிரான்சிஸ்டராக விரல் வைத்துப் பார்த்தாள். தொட்டபோதெல்லாம் முள் நகர்ந்தது.

"டிரான்ஸ்பார்மர் பக்கத்துல கீறது மட்டும் சுடுது சார். நாலும் ஒட்டிக்கினு இருந்தா ஒரே சூடுதான?"

சூடு மாறினால் டிரான்சிஸ்டரின் கணக்கும் மாறும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நான்கையும் கழற்றிவிட்டாள். கால்களுக்கு ஒயர் நீட்டி நடுவில் கொண்டுவந்தாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நூலால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு; பூச்சரத்தில் போடும் அதே கண்ணி. கிருத்திகைதோறும் வல்லக்கோட்டைக் கோயில் வாசலில் மல்லிகை கட்டி விற்கிறவள்.

முள் ஆறுக்கு வந்தது.

மின்விசிறியை நிறுத்தினேன். ஆறு. பெட்டியைத் தூக்கிப்போய் வெயிலில் வைத்தேன். ஆறு.

பேராசிரியர் மூடியைத் திறந்து முடிச்சை வெகுநேரம் பார்த்தார். நாற்பதும் இதே கட்டோடு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் பாஞ்சாலி இது என்ன பெட்டி என்று கேட்டாள். பெருக்கல் போடும் என்றேன்.

குனிந்து மீட்டர் முள்ளைப் பார்த்தாள்.

"பெருக்கல் வரலன்னுதான் சார், மூணாவதோட என்னை இஸ்கூல வுட்டு நிறுத்திட்டாங்க."

இரண்டு குமிழ்களையும் மூன்றில் வைத்தாள். மீட்டரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ எண்ணினாள்.

ஒம்பது என்று மெல்லச் சொல்லிவிட்டு, கையை எடுத்தாள்.