பக்கத்து வீட்டை விட ஒரு படி கூட

"பக்கத்து வீட்ல என்ன ஸ்பீடு போட்டியோ, அதைவிட ஒரு படி கூட வேணும் தம்பி. கொறஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் ஐயம்பெருமாள்.

சுடலைராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தோளில் கிடந்த வயர் சுருளை இறக்கி வைத்தான். அவன் புது இன்டர்நெட் கம்பெனியின் ஆள். போன மாதம் பக்கத்து வீட்டுக் குமரகுருபரனுக்கு லைன் கொடுத்தவனும் அவன்தான். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த நாளிலிருந்து ஐயம்பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"பழைய கம்பெனி என்ன செய்யுது அண்ணாச்சி?"

"அதை ஏன் கேக்க? சிங்கப்பூர்லேர்ந்து மக மதுமதி பேசுனா வாய் ஒரு நேரம் அசையுது, சத்தம் ஒரு நேரம் வருது. மூஞ்சி கட்டங்கட்டமா தெரியுது. அவன் வீட்டுக்குப் புது லைன் வந்த அன்னைக்கு, எனக்கு உள்ள லைனும் ரெண்டு மணி நேரம் செத்துப் போச்சு. வயிறு எரியுமா எரியாதா?"

"எட்டு மாசத்துக்கு முந்தி வரைக்கும் 'குமரு'. இப்பம் 'அவன்'" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி ஞானம்பாளின் குரல் வந்தது.

எல்லாம் ஒரு முருங்கைக் கொப்பால் வந்த வினை. ஐயம்பெருமாள் வீட்டு முருங்கை, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி ஒரு கொப்பை நீட்டியிருந்தது. பூவும் பிஞ்சுமாக இருந்த அதை ஒரு வார்த்தை கேட்காமல் குமரகுருபரன் வெட்டிச் சாய்த்துவிட்டார். "கேட்டிருந்தா நானே வெட்டித் தந்திருப்பேன்லா?" என்று இவர். "கம்பளிப்பூச்சி எங்க வீட்டுக்குள்ள வரயில யார்ட்ட கேட்டுக்கிட்டு வந்துது?" என்று அவர்.

முப்பது வருஷமாக ஆற்றங்கரைக் குறுக்குத்துறைக்கு ஒன்றாகக் குளிக்கப் போனவர்கள். அன்றிலிருந்து இவர் ஐந்து மணிக்கும் அவர் ஆறு மணிக்கும் போனார்கள். சேர்ந்து போகத் திட்டமிட்ட காசிப் பயணமும் நின்றுபோனது. தனியாக முங்கிக் குளிப்பதில் ஐயம்பெருமாளுக்கு ஒரு சுகமும் இல்லை. இருந்தாலும், முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன் ஆகிவிடுவானே!

மாடிக்குப் போன சுடலைராஜ் ஐந்தே நிமிஷத்தில் இறங்கி வந்தான்.

"அண்ணாச்சி, உங்க பழைய வயரு அறுந்துல்லா கெடக்கு! அங்கன ஒரு காஞ்ச முருங்கைக் கொப்பும் அதுல சிக்கிக் கெடக்கு. இன்னைக்கு நேத்து அறுந்ததில்ல, பல மாசம் இருக்கும்."

"ஏ, நல்லாச் சொன்ன போ! அறுந்து கெடந்தா காலையில மதுமதிகிட்ட எப்படிப் பேசினேன்?"

சுடலைராஜ் அலமாரி மேலிருந்த மோடத்தைப் பார்த்தான். அந்த வீட்டில் உறை போடாத சாமான் கிடையாது. டிவிக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, மோடத்துக்கும் பூப்போட்ட துணியில் ஒன்று. உறையைத் தூக்கினால், உள்ளே சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இது எப்பம்லேர்ந்து சிவப்பா எரியுது?"

"தூசி படுமேன்னு மூடுனேன். அதைத் தூக்கி யாரு பாத்தா?" என்றாள் ஞானம்பாள்.

அவன் லேப்டாப்பைத் திறந்து, மூலையில் விசிறி மாதிரி இருந்த குறியை அழுத்தினான். 'குமரகுருபரன் இல்லம்' என்று இங்கிலீஷில் வந்தது.

"அண்ணாச்சி, இத்தனை மாசமா நீங்க பக்கத்து வீட்டு நெட்லதான் பேசிட்டிருக்கிய. எப்பவாவது இதை அங்க கொண்டுபோனியளா?"

ஐயம்பெருமாள் யோசித்துப் பார்த்தார். காசிக்கு ரயில் பார்க்க ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனதும், குமரகுருபரன் தன் கையாலேயே பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

"ஒருக்கா போட்டா அது மறக்காது அண்ணாச்சி. உங்க லைன் அறுந்ததும் தன்னால அங்க தாவிட்டு. ரெண்டு சுவரு தாண்டி வரணும்லா? அதான் மூஞ்சி கட்டங்கட்டமா தெரியுது."

யாரோடு பேசமாட்டேன் என்று சபதம் போட்டாரோ, அந்த மனுஷன் தயவில் எட்டு மாதம் மகளோடு பேசியிருக்கிறார்! சுடலைராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். இது மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, ஆத்துல முங்குன தலையை நான் வெளிய எடுக்க மாட்டேன்."

சுடலைராஜ் இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை.

"புது மோடம் வச்சா பேரும் பாஸ்வேர்டும் புதுசா வரும் அண்ணாச்சி. போன மாசம் அங்க மாட்டயில அவுக என்ன சொன்னாவ தெரியுமா? 'பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே போடுடே, ஒரு எழுத்து மாறப்படாது. கொப்பை வெட்டி வயரை அறுத்தது நான். இதை மாத்துனா ஐயம்பெருமாள் மதுமதிகிட்ட பேச முடியாமப் போயிரும்'னாவ."

ஐயம்பெருமாள் துண்டைத் தோளில் போட்டு, விறுவிறுவென்று காம்பவுண்டுச் சுவருக்குப் போய், எட்டு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"ஓய் குமரு! என்னவே நெட்டு வச்சிருக்கீரு? எம் மக மூஞ்சி கட்டங்கட்டமால்லா தெரியுது!"