பீரோவுக்குப் பின்னால்

"ரெண்டு பக்கமும் வயர் வரும்க்கா. எங்க ஓட்டை போடணும்னு நீங்களே சொல்லுங்க."

இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தவன் ட்ரில்லும் கையுமாக நின்றான்.

எந்தச் சுவர் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

முன்பக்கமாகக் கொண்டுவரச் சொல், கதவு நிலைக்கு மேலே, என்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ஏழுமலை சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவள் கணவன். கொத்தனார். சுவர் என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

இன்டர்நெட் கேட்டது அவள்தான். வீட்டுக்குள் சிக்னல் எடுப்பதில்லை, ஜாக்கெட் வெட்டுகிற வீடியோ பார்க்கக்கூட மொட்டைமாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று அவனை நச்சரித்தாள். அதுவும் பொய்யில்லை.

ஆனால் அவளுக்கு வேண்டியது இன்டர்நெட் இல்லை.

ஓட்டை.

"உள் ரூம்ல போடுப்பா," என்றாள். "பீரோவுக்குப் பின்னாடி."

அந்தச் சுவர் வழியாகத்தான் செவ்வந்தியைக் கொண்டுபோனார்கள்.

அவளுடைய ஒரே பெண். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் காமாலை. உயிர் போன நேரம் அவிட்டம் என்று பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னார்கள். அவிட்டத்தில் போனவளை வாசல் வழியாக எடுத்தால், வழி தெரிந்து திரும்பி வந்துவிடுவாளாம். சுவரை இடித்து அந்த வழியாக எடுக்க வேண்டும். இருட்டுவதற்குள் அடைத்துவிடவும் வேண்டும்.

வரட்டுமே என்று அவள் கத்தினாள். என் பெண் என் வீட்டுக்கு வந்தால் உங்களுக்கு என்ன வலிக்கிறது என்று கேட்டாள். யார் காதிலும் ஏறவில்லை.

இடித்தவன் ஏழுமலை. சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு வந்து அடைத்தவனும் அவன்தான். வேறு ஆளைத் தொட விடவில்லை. அவன் சிமெண்ட் குழைத்த சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

அவனோடு பேசுகிறாள். சோறு போடுகிறாள். மன்னிக்கத்தான் முடியவில்லை.

மழை பெய்தால் அவளுக்கு அந்த அறையில் இருப்புக் கொள்ளாது. சுவருக்கு அந்தப் பக்கம், சந்தில், யாரோ நனைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று தோன்றும். பீரோவின் ஓரமாகச் சுவரில் கை வைத்துப் பார்ப்பாள். சில்லென்று இருக்கும். அந்தச் சந்தில் அவள் அன்றைக்குப் பிறகு கால் வைத்ததில்லை.

ஒரு விரல் நுழைகிற ஓட்டை போதும். எதற்கு என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"அதுவும் நல்லதுதான்க்கா," என்றான் இணைப்புக்காரன். "உள்ள இருக்கறது கண்ணாடி நூலு. மடிச்சா உடைஞ்சிடும். சந்து வழியா வந்தா நேரா உட்டுடலாம்."

இரண்டு பேருமாகப் பீரோவை நகர்த்தினார்கள்.

அது என்றைக்கும் சுவரோடு ஒட்டி இருந்ததில்லை. ஒரு சாண் தள்ளித்தான் வைப்பான் ஏழுமலை. ஒட்டி வைத்தால் ஈரம் ஏறித் துரு பிடிக்கும் என்பான். அதன் பின்னால் பெருக்குவதும் அவன்தான், விளக்கு வைப்பதற்கு முன்னால், தவறாமல். மற்றபடி தின்ற தட்டைக்கூட எடுத்து வைக்காத மனுஷன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தச் சுவர்ப் பக்கம் அவளை அண்ட விடுவதில்லை. செய்த பாவம் உறுத்துகிறது, நன்றாக உறுத்தட்டும் என்று அவளும் எட்டிப் பார்த்ததில்லை.

இணைப்புக்காரன் குனிந்து டார்ச் அடித்தான்.

"அக்கா, ட்ரில்லே வேணாம். இங்க ஏற்கெனவே ஓட்டை இருக்குது."

அவளும் குனிந்தாள்.

சுவரில் ஒரு துண்டுக் குழாய் பதித்திருந்தது. விரல் நுழைகிற அளவு. அதன் வாயைச் சுற்றி வழவழவென்று சிமெண்ட் பூச்சு. அதற்கு மேல் வருஷா வருஷம் அடித்த வெள்ளை, அடுக்கடுக்காக. குழாய்க்குள் ஒரு சொட்டு வெள்ளை படவில்லை. தூசி இல்லை. ஒரு நூலாம்படை இல்லை.

சந்தின் வெளிச்சம் அதன் வழியாக வந்து அவள் புடவையில் விழுந்தது.

"சுவர் கட்டும்போதே உட்டிருக்காங்க. சுத்தமான வேல," என்றான் அவன். "வயர உட்டு, சுத்தி வெள்ளை சிமெண்ட் வெச்சு அடைச்சிட்டா முடிஞ்சிது."

அடைச்சிட்டா.

அவள் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தாள். காற்று வந்தது.

கையை எடுக்க மனம் வரவில்லை. அவன் ஒருமுறை இருமினான்.

"வேணாம்ப்பா. முன்பக்கமே போட்டுடு. கதவு நிலைக்கு மேல."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எதையோ முனகிக்கொண்டே பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். போகிற வேகத்தில் சுவரோடு ஒட்டப் பார்த்தான்.

"ஒட்டாத," என்றாள். "ஒரு சாண் இருக்கட்டும்."

சாயங்காலம் ஏழுமலை வந்தான். கதவு நிலைக்கு மேல் உள்ளே வந்திருந்த வயரைப் பார்த்தான். பச்சை விளக்கு மினுக்கிய பெட்டியைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை. கைகாலில் காய்ந்திருந்த சிமெண்டைக்கூடக் கழுவாமல், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனான்.

"பெருக்கிட்டேன்," என்றாள் அவள், அடுப்படியிலிருந்து. "பின்னாடியும்."

அவன் பாதி வழியில் நின்றுவிட்டான். துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.