முழு வேகத்தில் ஃபேன்

“மத்தியானம் ஆனா மட்டும் கம்ப்யூட்டர் எப்படிங்க தானா அணையும்? அணைக்கிற கை ஒண்ணு இருக்குதுங்க” என்றார் குருமூர்த்தி.

சொன்னது மெக்கானிக் சிவக்குமாரிடம். பார்த்தது அன்புச்செல்வியை. மல்லசமுத்திரம் ரோட்டில் இருக்கும் குருமூர்த்தியின் எடைமேடையில், லாரிகளுக்கு எடைச்சீட்டு அடித்துக் கொடுப்பவள் அவள்தான்.

“நான் தொடறதே இல்லீங்க சார். லாரி மேடையில ஏறி நிக்கறப்ப பொட்டுனு அணைஞ்சிருதுங்க.”

“அணைஞ்சதும் கையில சீட்டு எழுதறே. நீ எழுதறப்பவெல்லாம் குச்சிக்கிழங்கு லோடு எடை கூடிப் போகுது. ஜவ்வரிசி ஃபேக்டரிக்காரன் என்னையப் புடிச்சு உலுக்கறான். நாலு மாசமா இதே ரோதனை!”

“எடைப்பெட்டி தனியா ஓடுதுங்க. அதுல தெரியறதைத்தானுங்க எழுதறேன்...”

“அதை இவரு பார்த்துச் சொல்லட்டும்.” வெளியே ஹாரன் அடித்த லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

தகரக் கூரைக்குக் கீழே மாசி வெயில் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி மெக்கானிக்கின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணா, கிழங்குக்காரங்ககிட்டக் காசுக்குக் கை நீட்டறேன்னு டீக்கடை வரைக்கும் பேசறாங்க. எங்கப்பா நேத்திருந்து என் மூஞ்சியப் பார்க்கறதில்லீங்ணா. கோளாறு மெஷின்லதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேலை போனாப் போகுது. இந்தப் பேரோட ஊட்டுக்குப் போக முடியாதுங்ணா.”

“அழுவாத அம்மிணி. பார்த்துட்டு உள்ளதைச் சொல்றேன்.”

சிவக்குமார் கேபினெட்டைத் திறந்தார். உள்ளே ஃபேன் பேய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனில் பிராசசரின் சூடு தொண்ணூற்றைந்து டிகிரி காட்டியது. ஃபேனுக்கு அடியில், சூட்டை இழுக்க வேண்டிய அலுமினியக் கட்டையைத் தொட்டார்.

“என்ன இது, கட்டை சில்லுனு இருக்குது?”

மெஷினை நிறுத்தி, ஸ்க்ரூவைக் கழற்றி, கட்டையைத் தூக்கித் திருப்பினார்.

அப்படியே நின்றுவிட்டார்.

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ உரித்தார், துடைத்தார், சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட்டைத் தடவினார், திரும்ப மாட்டினார். மெஷின் உயிர் பெற்றது. சூடு நாற்பத்தைந்தில் வந்து நின்று, அதற்கு மேல் ஏறவே இல்லை.

அன்புச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குருமூர்த்தியும் வந்தார்.

“என்னங்க, மெஷின் கோளாறா, ஆள் கோளாறா?”

சிவக்குமார் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“ஃபேன் செட்டிங்ல யாரோ கை வெச்சிருக்காங்க சார்.”

“நான்தானுங்ணா வெச்சேன். ரொம்பச் சூடாகுதேன்னு, ஃபோன்ல ஒரு வீடியோ பார்த்து முழு வேகத்துக்கு மாத்துனேன்.”

“அதான். விவரம் தெரியாத கை பட்டுருச்சு.”

“ஃபேன் வேகமா ஓடுனா சூடு குறையத்தானுங்களே செய்யும்?”

“நீ பெரிய இன்ஜினியரு!” என்று பாய்ந்தார் குருமூர்த்தி. “உள்ள பூந்து செட்டிங்கை மாத்தத் தெரிஞ்சவளுக்கு அணைக்கத் தெரியாதாக்கும்? சாவியை வெச்சுட்டுக் கிளம்பு. ஏனுங்க சிவக்குமாரு, நம்ம மத்த மூணு எடைமேடைக்கும் இனிமே நீங்கதானுங்க.”

டிபன் பையை எடுக்க மேஜைக்கடியில் குனிந்தாள். நாற்காலிக் காலோரம் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று கிடந்தது. நடுவில் பிராசசர் அளவுக்குச் சதுரமாகச் சூட்டில் பழுத்திருந்தது. ஓரத்தில் இங்கிலீஷில் சிவப்பு எழுத்து. மாட்டுவதற்கு முன் உரிக்கவும்.

இரண்டு தரம் படித்தாள்.

“அண்ணா, இது அந்தக் கட்டைக்கு அடியில இருந்ததுதானுங்களே? இதை உரிக்காமயே மாட்டுனதாலதானே சூடு கட்டைக்கு ஏறலை? ஐப்பசியில இந்த மெஷினை மாட்டுனது நீங்கதானுங்ணா! நான்தான் பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சேன்!”

குருமூர்த்தி அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். “என்னங்க இது?”

“இப்பப் பிரிச்ச பேஸ்ட் பாக்கெட்டோட தாளுங்க.”

“பார்த்தியா, உள்ளதைச் சொன்ன மனுசன் மேலயே பழியைத் திருப்பறா!” தாளைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். “உன்னையெல்லாம் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கோணும்!”

அன்புச்செல்வி சிவக்குமாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“உடுங்க சார்” என்றார் இதமாக. “சின்னப் புள்ள, பயத்துல என்னமோ பேசுது. எனக்காக மன்னிச்சு அனுப்பிருங்க.”