தானாக இறுகிய நட்டு

“உன்னை நம்பி என் பொண்ணை அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

தங்கவேல் போட்ட சத்தத்தில், ஆவடி சேக்காட்டில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தவர்கள்கூட ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக் தேவா காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினான்.

“ரெண்டு தடவை வந்தாச்சு, இது மூணாவது. மறுபடியும் பின்சக்கரம் புடிக்குது, தீஞ்ச வாடை வருது. நீயெல்லாம் என்னய்யா மெக்கானிக்?”

“அப்பா, மெதுவா பேசுங்களேன். எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் கார்த்திகா. முன்பு இரண்டு தடவையும் அவள் தனியாகத்தான் காரை எடுத்து வந்தாள். இன்று அப்பாவும் ஏறிக்கொண்டு வந்துவிட்டார்.

“பாக்கட்டும்!” என்றார் தங்கவேல். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் நட்டு, போல்ட்டுகளைச் சோதித்துச் சோதித்தே ரிட்டயர் ஆனவர் அவர். நழுவிய மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். கண்ணாடிக் காம்பின் குட்டித் திருகாணி மேல் சிவப்பாக ஒரு பொட்டு மினுங்கியது.

தேவா சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். கால் சுற்றுகூடப் போகாமல் முனகிக்கொண்டு நின்றது. ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்ட பிறகும் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் சின்ன லீவர் தன் இடத்துக்குத் திரும்பாமல் பாதியிலேயே நின்றிருந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது.

முதல் தடவையும் இதே கதைதான். கேபிள் நட்டைத் தளர்த்தி அனுப்பினான். இரண்டாவது தடவை, காலிப்பரில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, பிஸ்டனைத் திருகி உள்ளே இறக்கி, பின்களுக்கு கிரீஸ் போட்டு, நட்டையும் மறுபடி தளர்த்தினான். அப்போது பட்டர் மாதிரிச் சுழன்ற சக்கரம் இது.

பக்கத்து டிங்கரிங் ஷெட் யூசுப் அவன் அருகில் குந்தி உட்கார்ந்தான்.

“மாமே, நட்டு தானா லூசாவும். தானா டைட்டாவுமா? யாரோ இறுக்கிகினு கீறாங்க.”

“யாருடா?”

“ஆவடி பூரா மெக்கானிக் கீறான். இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு உன்னாண்டயே வருது? உன்னப் பாக்கத்தான் நைனா!”

தேவாவின் காது மடல் சூடாகிவிட்டது. வந்த இரண்டு தடவையும் அவளிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேச நினைத்தான். வாயைத் திறந்தால் காலிப்பர், பேட், கேபிள் என்றுதான் வந்தது. அவளும் “சரிங்க, சரிங்க” என்று ஒர்க்‌ஷாப் கூரையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

எழுந்து காருக்குள் சாய்ந்தான். ஹேண்ட்பிரேக்கைச் சுற்றியிருந்த ரப்பர் உறையைத் தூக்கினான். முன்பெல்லாம் கையால் தடவியே கேபிள் நட்டைத் தளர்த்தியவன், இன்றைக்கு டார்ச் அடித்துப் பார்த்தான்.

நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு. நெயில் பாலிஷ்!

திரும்பிப் பார்த்தான். காரின் கதவைப் பிடித்திருந்த கார்த்திகாவின் விரல் நகங்கள் அத்தனையும் அதே சிவப்பு. யூசுப் சொன்னது சரிதானோ?

“என்ன, உள்ள போயி தூங்கிட்டியா? எதனாலன்னு கண்டுபுடிச்சியா இல்லையா?” தங்கவேல் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் அவன் தொழில் மானம் தப்பிக்கும். ஆனால் இந்தக் கோபக்கார மனுஷனிடம் அவள் மாட்டிக்கொள்வாள். தேவா கட்டைவிரலால் கோட்டை மறைத்தான்.

“என் தப்புதான் சார். போன தடவ நான்தான் நட்ட ஒயுங்கா வெக்கல.”

“நீதானா?”

“நான்தான் சார்.”

“வேற யாரும் கை வைக்கலியே?”

“சத்தியமா இல்ல சார்.”

யூசுப் தலையில் அடித்துக்கொண்டு தன் ஷெட்டுக்குப் போய்விட்டான்.

நட்டைத் தளர்த்தியதும் காலிப்பர் லீவர் ‘டக்’கென்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சக்கரம் சுகமாகச் சுழன்றது. ஜாக்கியை இறக்கிவிட்டு, “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். கார்த்திகா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை தங்கவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்தார். அடுத்த ரவுண்டு திட்டுக்குத் தேவா தயாரானான்.

“ஏம்ப்பா, அந்தக் கோட்டை எதுக்கு மறைச்சே?”

தேவாவின் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே விழுந்தது. “சார், அது… அவங்க மேல தப்பு இல்ல சார். தெரியாம எதனா…”

“அவளுக்கு ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது.”

தங்கவேல் சட்டைப் பையிலிருந்து குட்டி பாட்டில் ஒன்றை எடுத்தார். சிவப்பு நெயில் பாலிஷ்.

“பேக்டரியில முப்பது வருஷப் பழக்கம். நட்டை இறுக்கினா, மேல ஒரு கோடு போடாம கை அடங்க மாட்டேங்குது. வீட்டுல பெயிண்டு இல்லை, பொண்ணோட பாட்டில்தான் இருந்துச்சு.”

தேவா அந்தப் பாட்டிலையும் அவர் கண்ணாடிக் காம்பின் சிவப்புப் பொட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“வீட்டுல அவ வாயைத் திறந்தா உன் பேச்சுதான். இங்க வந்தா ஊமையாயிடுறா. நீ அதுக்கு மேல. ரெண்டு பேரும் பேசிப் பழகட்டுமேன்னு நானும் கேபிளை இறுக்கி இறுக்கி அனுப்புறேன்…”

தெருமுனையில் கார் திரும்பி வருவது தெரிந்தது. தங்கவேல் பாட்டிலைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நீ பிரேக்கையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி மாப்ளே?”