பின்வாசல் பாமாயில்

கூட்டத்துக்குக் கூட்டம் பாமாயிலைத் திட்டித் தீர்க்கிற சின்னதுரை, தன் மில்லின் பின்வாசலில் பாமாயில் பாக்கெட்டுகளை வாங்கி உள்ளே வைத்ததை அவர் மகள் கலைப்பிரியாவே பார்த்துவிட்டாள்.

திண்டிவனத்தில் அவருடையது மல்லாட்டை எண்ணெய் மில்; நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. கலப்படம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை என்று பெயர்.

கலைப்பிரியா விழுப்புரத்தில் பொருளாதார ஆராய்ச்சி செய்கிறாள். சலுகை வரி ஒப்பந்தங்களால் பாமாயில் இறக்குமதி எவ்வளவு கூடியது, ஒப்பந்தமே இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று மதிப்பிடுவதுதான் அவள் வேலை. இறக்குமதியால் நொடித்தும் நேர்மை மாறாத மில் என்று அப்பாவுடையதைத்தான் கட்டுரையில் எழுதியிருந்தாள்.

இப்போது அழுகையே வந்துவிட்டது. அப்பாவிடம் கேட்கத் தைரியம் வராமல், பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய குப்பம்மாளை மடக்கினாள். மில்லில் மல்லாட்டை உடைக்கிறவள்.

ரேஷனில் வாங்கியதாம். உடைக்கிற பெண்கள் எல்லோரும் ரேஷன் பாமாயிலைக் கொடுத்து, அதே அளவுக்கு மில் எண்ணெய் வாங்கிப் போகிறார்களாம்.

"அப்பா சும்மாவே குடுத்திருக்கலாமேக்கா?"

"குடுத்தாரு. நாங்கதான் வாங்கல. கூலிக்கு மேல கை நீட்டற பழக்கம் எங்களுக்கு இல்ல பாப்பா."

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள் குப்பம்மாள்.

"அப்புறம்தான் பாவம், விஷயத்தைச் சொன்னாரு. மல்லாட்டை எண்ணெ அவரு ஒடம்புக்கு ஒத்துக்கலையாம். பாமாயிலுதான் சேருதாம். வெளிய தெரிஞ்சா மில்லு பேரு என்னாவறது? அதான் நாங்க மாத்திக் குடுக்கறோம். நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத."

அப்பா உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பதறி வீட்டுக்கு ஓடினாள் கலைப்பிரியா. அதற்குள் சாப்பிட வந்துவிட்ட அவர் கூடத்தில் உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாகப் பொரியலைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு மல்லாட்டை எண்ணெய் ஒத்துக்கறதில்லையாம்மா?" என்று அடுப்படியில் அம்மாவிடம் கேட்டாள்.

கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு, இவருக்கா? அது இல்லாம ஒரு வாய் எறங்காது இவருக்கு. தெனம் இந்தப் பாமாயில் சமையல மூஞ்சியச் சுளிச்சிக்கினேதான் துன்றாரு. நம்ம எண்ணெயிலயே பண்றேன்னு சொன்னா வேணாங்கறாரு. குப்பம்மாகிட்ட சொன்னது பொய்யாப் போயிடுமாம்."