பதினான்கு கிலோ

மகளுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்துப்பெட்டி அவள் எடையைப் பார்த்து, மருந்தளவைக் கணக்கிட்டு, விண்வெளி நிலையத்தில் வேலை செய்யும் தாய் யாழ்வேணியிடம் சம்மதம் கேட்கும்.

இன்றும் கேட்டது: எடை பதினான்கு கிலோ, மருந்து நாலேகால் மில்லி.

சம்மதித்தாள். அவள் கிளம்பிய அன்று குழந்தை ஒன்பது கிலோதான்.

வீட்டுக்குப் பேசினாள். "தூக்கி வச்சிருக்கீங்களா?"

"காலையிலேர்ந்து இறங்கவே மாட்டேங்கிறா. தோளெல்லாம் கடுக்குது," என்றான் கணவன்.

இணைப்பைத் துண்டிக்காமலே, நிலையத்தின் கிடங்கில் பதினான்கு கிலோ என்று எழுதியிருந்த ஒரு பையைத் தேடி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அங்கே எதற்கும் கனம் கிடையாது. கையை எடுத்ததும் பை மெல்ல விலகி மிதந்து போனது.

"சொல்லுங்க," என்றாள், "உங்களுக்கு வேற எங்கெல்லாம் வலிக்குது?"